தண்ணீர் குடிக்க அஞ்சும் உழைப்பு

கொச்சி மாநகரின் கலூரில் தேசாபிமானி சந்திப்பு என்று ஓர் இடம் உண்டு. உழைக்கும் மக்களின் நாளேடு ஒன்றின் பெயரை ஒரு தெருமுனையே தாங்கி நிற்பது பெருமைக்குரியதுதான். ஆனால், அந்தப் பெயர்ப் பலகைக்கு எட்டும் தூரத்தில், கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால், பத்து மணி நேரம் நின்றபடி வேலை செய்யும் கடைப் பெண்களின் உடலில் என்ன நடக்கிறது என்பதைக் கேட்பவர் குறைவு. வாடிக்கையாளருக்குக் குளிர்ந்த நீர் தேடி வரும். விற்பவளோ தன் மிடறுகளை எண்ணிக் குடிக்கிறாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் மேற்பார்வையாளரின் கடிகாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கொச்சியில் மட்டுமா? சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் கதை இதுவே.

இந்த மிடறுக் கணக்குக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஓராண்டில் மூன்று முறையோ வந்தால் அது மீண்டும் மீண்டும் தாக்கும் சிறுநீர்ப் பாதைத் தொற்று. நம் ஊரில் நீர்க்கடுப்பு என்பார்கள். பெண்ணின் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். ஆணுக்கு அது ஐந்து மடங்கு. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா அந்தக் குறுகிய தொலைவைக் கடந்து சிறுநீர்ப்பையை அடைவது எளிது. அதைக் கழுவி வெளியேற்றுவதற்கு இயற்கை வைத்திருக்கும் முதல் ஆயுதம் சிறுநீரேதான். நீரைக் குறைத்து, வருவதையும் அடக்கி வைத்தால் அந்த ஆயுதம் பறிபோகிறது.

ஆண்டுக்கு மூன்று முறையேனும் தொற்று கண்ட, குறைவாகவே நீர் குடித்து வந்த 140 பெண்களிடம் பல்கேரியாவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் நீரை நாள்தோறும் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்குத் தொற்று சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. 2018-ஆம் ஆண்டு வெளியான முடிவு இது. உலகத்தில் இதைவிட மலிவான மருந்து வேறில்லை. அந்த மருந்தைத்தான் கடை முதலாளி தன் தொழிலாளிக்கு மறுக்கிறார்.

எல்லா நீர்க்கடுப்பும் சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்று யாரையும் அச்சுறுத்தத் தேவையில்லை. சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்று பெரும்பாலும் சில நாள் மருந்தில் அடங்கிவிடும். ஆனால் கவனிக்காமல் விட்டால் அது மேலேறும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவின் பின்புறம் வலி, வாந்தி என்று சிறுநீரகம் அறிவிக்கத் தொடங்கினால் மருத்துவமனையைத் தவிர வேறு வழியில்லை. கர்ப்பிணிக்கும், சர்க்கரை நோயாளிக்கும், கல் அடைப்பு உள்ளவருக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். நம் நாட்டில் சர்க்கரை நோயுடன் வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை லட்சம் என்பதையும் சேர்த்தே இதை எண்ண வேண்டும்.

முதலாளிகளிடம் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: "அது அந்தப் பெண்களின் சுத்தக் குறைவு." மருந்துக் கம்பெனிகளின் விளம்பரமும் அந்தப் பதிலுக்குத் துணை நிற்கிறது; அந்தரங்கத் தூய்மைக்குத் திரவம், தொற்றுக்கு கிரான்பெர்ரிச் சாறு என்று வாங்கச் சொல்கிறது. நோயை உண்டாக்கியது வேலைநேரம். பழி சுமப்பதும் செலவு செய்வதும் தொழிலாளி. சுரண்டல் எவ்வளவு நேர்த்தியாகத் தன் கணக்கை அடுத்தவர் பெயரில் எழுதிவிடுகிறது!

இந்தப் பழியை முதலில் திருப்பி வீசியவர்கள் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருப் பெண்கள். தையல் தொழிலாளியான பி. விஜியின் முன்முயற்சியில் அங்கு 'பெண்கூட்டு' உருவானது. அவர்களின் தொடக்கக் கோரிக்கையே கழிப்பறைதான். உட்காரும் உரிமை அதன் தொடர்ச்சியாக எழுந்தது. 2014-இன் இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பெண்கள் தொடங்கிய உட்காரும் உரிமைப் போராட்டம் நூறு நாட்களைத் தாண்டியது. அத்தனைக்கும் பிறகே, 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தன் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. இரண்டுமே போராட்டத்தின் வெற்றி, அதில் ஐயமில்லை. ஆனால் செய்தித்தாள்களில் நாற்காலி பெரிதாகத் தெரிந்த அளவுக்குக் கழிப்பறை தெரியவில்லை. சிறுநீரைப் பற்றிப் பேச வெட்கப்படும் நாகரிகம் நம்முடையது. நாற்காலியைப் படம் பிடிக்கலாம் அல்லவா?

கழிப்பறை இருப்பது ஒன்று. அங்கே போக உரிமை இருப்பது வேறொன்று. மேல்மாடியின் மூலையில் இருநூறு பேருக்கு ஒன்று என்றிருந்தாலும் அது 'வசதி' என்று பதிவேட்டில் ஏறிவிடும். வளர்ந்த நாடுகளிலும் முதலாளித்துவம் இதில் வேறுபட்டதல்ல. அமெரிக்காவின் கோழி இறைச்சி ஆலைகளில் இயந்திர வரிசையை விட்டு நகர அனுமதி இல்லாததால் தொழிலாளர்கள் டயப்பர் அணிந்து நிற்பதை 2016-இல் ஆக்ஸ்பாம் அமெரிக்கா வெளிக்கொணர்ந்தது. அங்கே கழிப்பறைக்குக் குறைவா?

இனி மருந்துக்கு வருவோம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைக் கண்டபடி விழுங்குவதைத் தடுக்க 2018-இல் மாநில அளவிலான செயல்திட்டம் வகுத்த முதல் மாநிலம் கேரளம். 2024-இல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் மருந்துக் கடைகளில் சோதனையும் தொடங்கியது. சரியான நடவடிக்கை, வரவேற்க வேண்டியது. யூரின் கல்ச்சர் சோதனை இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஒரே மாத்திரையை, அதுவும் இரண்டு நாளோடு நிறுத்தி விழுங்கினால், அடுத்த முறை அந்த மாத்திரைக்குக் கிருமி பணியாது. ஆனால் சீட்டில்லாமல் மாத்திரை கேட்டு வரும் பெண் ஏன் மருத்துவரிடம் போகவில்லை என்பதையும் கேட்டாக வேண்டும். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போகும். கல்ச்சர் முடிவு வர இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். மறுபடி ஒரு விடுப்பு.

அவளுக்குத்தான் இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுபவருக்கு அது உண்டு, பெயர் பதிவாகியிருந்தால். நோய்க்கால உதவியாக ஊதியத்தில் எழுபது விழுக்காடும் உண்டு. ஆனால் விதியைப் படித்தால், நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு அந்த உதவி கிடையாது. முந்தைய நோய்க்காலம் முடிந்து பதினைந்து நாட்களுக்குள் மீண்டும் படுத்தால் மட்டுமே விலக்கு. நீர்க்கடுப்புக்கு மருந்து பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள். எரிச்சல் கடுமையாக இருக்கும் அந்த முதல் இரண்டு நாட்களை ஊதியமின்றிக் கழி, அல்லது கடையில் நின்று கழி என்கிறது விதி. இரண்டு மாதம் கழித்துத் தொற்று திரும்பினால் மறுபடியும் அதே இரண்டு நாள். மீண்டும் மீண்டும் வரும் நோயைக் கண்டிராதவர்கள் எழுதிய விதி இது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஒன்றிய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ, தொழிலாளர் ஆய்வாளரை 'ஆய்வாளரும் உதவியாளரும்' என்று பெயர் மாற்றி, எங்கே சோதனை செய்வது என்பதைக் கணினிக் குலுக்கலிடம் ஒப்படைக்க வழி செய்கின்றன. யாருக்கு உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை.

பணிநேரத்தில் கழிப்பறைக்குச் செல்வது அனுமதி கேட்டுப் பெறும் சலுகையாக இருக்கக் கூடாது. அந்த நிமிடங்களுக்கு ஊதியத்தில் கைவைக்கக் கூடாது. தளத்துக்கு ஒரு கழிப்பறை, கைக்கெட்டும் இடத்தில் குடிநீர், இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் கல்ச்சர் சோதனை, முதல் இரண்டு நாள் விதியின் நீக்கம் ஆகியவை கடைத் தொழிலாளர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே இடம்பெற வேண்டும். கலூரிலோ ரங்கநாதன் தெருவிலோ ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் நாற்காலிகளை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பக் கூடாது. கழிப்பறை எந்த மாடியில், சாவி யார் கையில், இன்று காலையிலிருந்து எத்தனை குவளை நீர் குடித்தீர்கள் என்று, நிர்வாகி உடன் நிற்காத இடத்தில், அந்தப் பெண்களையே கேட்டு எழுத வேண்டும்.