மணிக்கணக்கு மட்டும் போதாது



வீடியோ கேம் பொழுதுபோக்கா, வாழ்க்கை முறையா என்பதை எங்கள் வீட்டில் மணிக்கணக்கை வைத்தே முடிவு செய்தோம். அது தவறு. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் கேமிங் கோளாறும் உண்டு. ஆனால் இத்தனை மணி நேரம் என்ற வரம்பு அதில் இல்லை. கட்டுப்பாடு கைநழுவுவது, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் நேர்ந்தும் விடாமல் தொடர்வது ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். அதுவும் பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். அதற்காக கேம் ஆடுவதே தவறு என்றும் சொல்ல முடியாது; 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் என்ற வீடியோ கேம் போட்டிகளுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஆகவே பெற்றோரே, போனைப் பிடுங்குவதற்கு முன், பிள்ளை எதையெல்லாம் கைவிட்டான் என்று பாருங்கள். என் மகன் மாலையில் கிரிக்கெட் ஆடப் போவதை நிறுத்தியபோதுதான் நான் பயந்தேன். இப்போது மட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிளம்புகிறான். இரவில் கொஞ்ச நேரம் கேமும் உண்டு.

- ஒரு தாய், திருநெல்வேலி