இரைச்சலுக்குப் பொறுப்பு யாருடையது?

காளிகாட்டின் பழைய வீடுகளில் மாலை விளக்கேற்றும் வேளையில் இணையம் தடுமாறினால், அதன் பின் நடப்பது பெரும்பாலும் ஒரே உரையாடல்தான். சந்தாதாரர் தொலைபேசியில் முறையிடுவார். மோடத்தை அணைத்துப் போடும்படி சேவை மையம் சொல்லும். மறுநாள் காலை பணியாளர் வந்து பார்க்கையில் இணைப்பு சீராக இருக்கும். புகார் 'தீர்க்கப்பட்டது' என மூடப்படும். அன்று மாலையும் இணைப்பு அறுபடும்.

அந்தப் புகார் வாக்கியத்தைச் சற்றுக் கவனித்தல் தகும். வங்காளத்தில் 'நெட் நேய்'. அருகிலுள்ள லேக் மார்க்கெட் பகுதியின் தமிழ்க் குடும்பங்களில் 'நெட் இல்லை'. இரண்டும் இன்மையைக் கூறும் வாக்கியங்கள். அவற்றில் வினைமுதல் இல்லை. எப்போதிலிருந்து, எவ்வளவு நேரம், எதனோடு சேர்ந்து என்ற குறிப்பும் இல்லை. அன்றாடப் பேச்சுக்கு இது போதும். ஆனால் புகாரைப் பதியும் படிவமும் இதே இலக்கணத்தைப் பின்பற்றும்போது, பழுதின் காரணத்தைக் காட்டக்கூடிய ஒரே சான்று, அதாவது நேரம், பதிவிலிருந்து மறைந்துவிடுகிறது. மின்குறுக்கீடு நம் நகரங்களில் கண்ணுக்குத் தெரியாத சிக்கலாக நீடிப்பதற்கு இது முதற்காரணம்.

குறுக்கீடு நிகழும் விதம் எளியது. செப்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸ் முதல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைப் பயன்படுத்துகிறது. அதன் பிந்தைய வடிவம் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை செல்கிறது. எல்இடி விளக்கு, கைபேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் மின்வழங்கிச் சுற்றுகள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருபவை. அந்த வெட்டலின் மடங்கதிர்வுகள் நேராக இதே அலைவரிசையில் விழுகின்றன. தரமான கருவியில் ஒரு வடிகட்டி அவற்றைத் தடுத்துவிடும். விலையைக் குறைக்க எண்ணும் உற்பத்தியாளர் முதலில் கைவிடுவது பல வேளைகளில் அந்த வடிகட்டியைத்தான். ஏனெனில் அது இல்லாமலும் விளக்கு எரியும்.

கம்பிக்கும் ஒரு தற்காப்பு உண்டு. இரு இழைகளை ஒன்றோடொன்று முறுக்கினால் வெளி இரைச்சல் இரண்டிலும் சம அளவில் ஏறும். பெறும் முனை அவற்றின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடும். கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. ஆனால் அந்தச் சமநிலை கம்பியின் நலத்தைப் பொறுத்தது. கொல்கத்தாவின் மழைக்கால ஈரத்தில் ஓர் இணைப்பு துருவேறினால் இரு இழைகளின் சமன் குலையும். அதுவரை கழிந்துவந்த இரைச்சல் உள்ளே புகும். ஆகவே 'உங்கள் வீட்டுக் கருவிதான் காரணம்' என்னும் நிறுவனமும், 'உங்கள் கம்பிதான் காரணம்' என்னும் வாடிக்கையாளரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கக்கூடும்.

மின்சாரமும் தொடர்பியலும் ஒரே தெருவைப் பகிர்வது காளிகாட்டுக்குப் புதிதன்று. எஸ்பிளனேடிலிருந்து காளிகாட்டுக்கு மின்டிராம் ஓடத் தொடங்கியது 1902இல். சென்னை அதற்கும் முன்பே, 1895இல், மின்டிராமைக் கண்டுவிட்டது. டிராம் மின்சாரத்தின் தொல்லையை இந்தியாவில் தெளிவாக உணர்ந்த இடம் மும்பை. கொலாபாவில் இயங்கிய காந்தப்புல ஆய்வகம், நகரில் மின்டிராம் வரவிருந்ததை முன்னிட்டு அலிபாக்குக்கு மாற்றப்பட்டது. 1904 முதல் 1906 வரை இரு இடங்களிலும் இணையாக அளவீடுகள் எடுக்கப்பட்டு, பதிவின் தொடர்ச்சி காக்கப்பட்டது. மும்பையில் மின்டிராம் ஓடியது 1907இல். குறுக்கீடு வருமுன்பே அதை எதிர்பார்த்து, அளந்து, ஆவணப்படுத்தி, பொறுப்பேற்ற ஓர் அமைப்பு அங்கே இருந்தது. ஆய்வகத்தால் கடல் தாண்டிப் போக முடிந்தது. காளிகாட்டின் சந்து வீட்டில் இணையவழித் தேர்வெழுதும் மாணவிக்குப் போக ஓர் அலிபாக் இல்லை.

அண்மைக் காலத்தின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் சிற்றூர். அங்கே ஏறத்தாழ 18 மாதங்கள், ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்கு ஊர் முழுதும் இணையம் குலைந்தது. கம்பிகளை மாற்றியும் பயனில்லை. இறுதியில் பொறியாளர்கள் அலைமாலை அளவியைக் கையிலேந்தி விடியற்காலையில் ஊரைச் சுற்றினர். ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியே காரணம் எனக் கண்டனர். 2020இல் இச்செய்தி உலகெங்கும் நகைச்சுவைத் துணுக்காகப் பரவியது. அதில் கற்க வேண்டியவை வேறு. பழுதைக் காட்டிக்கொடுத்தது நேரத்தின் ஒழுங்கு. பெட்டியின் உரிமையாளருக்குத் தன்னால் ஊர் அல்லலுறுவது தெரியவே தெரியாது; தெரிந்தபின் அதை மீண்டும் போடமாட்டேன் என்றார். எனவே குறுக்கீட்டைத் தனிமனிதக் குற்றமாக்கி அண்டை வீட்டாரை மோதவிடுவதில் பொருளில்லை. கருவி கடைக்கு வருமுன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

இந்தியாவில் அந்தக் கேள்வி பாதியளவே கேட்கப்படுகிறது. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான கட்டாயச் சோதனை முறையில் மின்காந்தப் பொருத்தமும் ஒரு கூறு. ஆனால் எல்இடி பல்புகளுக்கும் மின் அடாப்டர்களுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு முதன்மையாக நோக்குவது பாதுகாப்பை: அதிர்ச்சி தருமா, தீப்பிடிக்குமா என்பதை. அவை இன்றியமையாதவை. எனினும் விளைவு விந்தையானது. இரைச்சலுக்கு ஆளாகும் மோடத்தைச் சோதிக்கிறோம். இரைச்சலை எழுப்பும் விளக்கை அதே கண்டிப்புடன் சோதிப்பதில்லை. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டம் ஒன்றின் வழியே மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் நாட்டின் வீடுகளைச் சென்றடைந்தன. அவை மின்சாரத்தைச் சேமித்தது நன்மை. அத்தனை வீடுகளுக்குள் மின்னணுச் சுற்றுகள் நுழையும் காலத்தில் இரைச்சல் வரம்பும் கட்டாயமாக வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

இதற்கு வலுவான மறுப்புகள் இரண்டு உண்டு. முதலாவது, ஒளியிழை வந்துவிட்டால் இச்சிக்கல் தானே தீரும் என்பது. கண்ணாடியிழைக்குள் செல்லும் ஒளியை மின்னிரைச்சல் தீண்டாது என்பது உண்மைதான். ஆனால் பல தெருக்களில் இழை கேபிள்காரரின் பெட்டி வரையே வருகிறது. அங்கிருந்து வீட்டுக்குள் செல்வது செப்பு ஈதர்நெட் கம்பி. கால்பைசாகிப் புயலின் மின்னலில் அக்கம்பியின் முனைகள் கருகுவதை அப்பகுதியினர் அறிவர். இழை வீட்டுக்குள்ளேயே வந்தாலும் கடைசிச் சில மீட்டர்கள் வைஃபையில் கடக்கின்றன, அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை மைக்ரோவேவ் அடுப்பும் பகிர்கிறது. மேலும், செப்புக் கம்பி கடைசியாக மாறுவது வாடகை குறைந்த, சந்து நெருங்கிய பகுதிகளில்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: மாலை நேர மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் நெரிசலே, குறுக்கீடு அன்று. இதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டையும் பிரித்தறிய முடியும். நெரிசலில் மோடத்தின் இணைப்பு நிலையாக இருக்கும். தாமதம் மட்டும் ஏறும். குறுக்கீட்டில் சைகைக்கும் இரைச்சலுக்குமான இடைவெளி சுருங்கும், பிழையுற்ற நொடிகள் பெருகும், மோடம் மீண்டும் மீண்டும் இணையும். இவ்வெண்கள் மோடத்தின் உள்ளேயே பதிவாகின்றன. அவற்றைப் பார்க்காமல் நெரிசல் என்று சொல்வதும் குறுக்கீடு என்று சொல்வதும் ஒரே அளவுக்கு ஊகம்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இணையத்தின் டிசிபி நெறிமுறை, தொலைந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் நெரிசலின் அடையாளமாகக் கொள்ளும்படி 1980களின் இறுதியில் வடிவமைக்கப்பட்டது. அதன் பரவலான வடிவங்களில், இரைச்சலால் ஒரு பொட்டலம் அழிந்தாலும் அனுப்புநர் 'பாதை நெரிசலாக உள்ளது' என்றெண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். சிறிய இரைச்சல் பெரிய மந்தமாக மாறுவதற்கு இது ஒரு வழி. சந்தையின் கூச்சலில் ஒரு சொல் காதில் விழாதபோது, எதிரே நிற்பவர் பேச விரும்பவில்லை என்று முடிவுகட்டுவதைப் போன்றது இது. நெறிமுறை செய்யும் அதே காரணப் பிழையைத்தான் சேவை மையமும் செய்கிறது, வாடிக்கையாளரும் செய்கிறார்.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. புகார்ப் படிவத்தில் தொடங்கிய நேரம், நீடித்த காலம், மீளும் ஒழுங்கு ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். மோடத்தின் பிழை எண்கள் வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் கிடைக்க வேண்டும். விளக்குக்கும் அடாப்டருக்கும் இரைச்சல் வரம்பு கட்டாயப் பதிவின் பகுதியாக வேண்டும். இவற்றில் முதலாவதற்குச் சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஒரு தெருவின் பத்து வீடுகள் ஒரு மாதம் நேரத்தைக் குறித்துவைத்தாலே, 'இல்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு தெரிய வாய்ப்புண்டு. பொறியியல் துறையும் மொழியியல் துறையும் சேர்ந்து மேற்பார்வையிடத்தக்க முதுநிலை ஆய்வேடு ஒன்றுக்கு இது போதுமான பொருள்.

2004இல் இந்தியா பிராட்பேண்டின் குறைந்த வேகத்தை நொடிக்கு 256 கிலோபிட் என வரையறுத்தது; 2023இல் அது 2 மெகாபிட்டாக உயர்ந்தது. வேகத்தின் வரையறை வளர்ந்திருக்கிறது. மாலை ஏழு மணிக்கும் அந்த வேகம் அறுபடாமல் நிற்குமா என்பதை அந்த எண் சொல்வதில்லை. தேர்வு எழுதுபவருக்குத் தேவைப்படும் விடை அதுவே.