தனியே வளர்த்துத் தள்ளிவிடலாமா?

ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வது என்ன? ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துத் தன்னந்தனியாக வளர்க்கிறோம். பிற கிருமிகளைக் கொல்கிறதா என்று தட்டில் பார்க்கிறோம். கொல்லவில்லையெனில் பயனற்றது என்று ஏட்டில் எழுதி ஆட்டோகிளேவில் போட்டுவிடுகிறோம். இது அவசரத் தீர்ப்பு என்பேன்.

பாலைப் புளிக்கச் செய்யும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸைப் பாருங்கள். அது சுரக்கும் நைசின், 34 அமினோ அமிலங்களாலான சிறு பெப்டைடு. பகைச் செல்லின் சவ்வில் துளையிட்டுக் கொல்வது. அந்த ஆயுதமே தூதும் ஆகிறது! வெளியே கலந்த நைசினைச் சவ்விலுள்ள நிஸ்கே என்னும் புரதம் உணர்ந்து நிஸ்ஆர் என்னும் புரதத்துக்கு அறிவிக்க, அது நைசின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக நைசினும் பெருகும். நாலு பேர் மட்டும் இருக்கையில் படை திரட்டுவது வீண் செலவன்றோ?

இதனினும் வியப்பு லாக்டோபசில்லஸ் பிளாண்டாரத்தின் என்சி8 வகை. (2020-இல் லாக்டிபிளாண்டிபசில்லஸ் என்று பெயர் மாற்றினார்கள், பெயர் நீண்டதுதான் மிச்சம்.) திரவ ஊடகத்தில் தனியே வளர்த்தால் அது பிளாண்டாரிசின் சுரப்பதில்லை; குறிப்பிட்ட சில அயல் பாக்டீரியாக்களுடன் வளர்த்தால் சுரக்கிறது. 2003-இலேயே வெளியான ஆய்வு இது. நம் தட்டு முறையோ மாறவில்லை.

நூறு வகைகளைப் பத்துத் துணைகளுடன் சோதித்தால் ஆயிரம் தட்டுகள். முதுகலை மாணவனுக்கு இருப்பதோ இரண்டே ஆண்டுகள் என்பீர்கள். உண்மைதான். ஆனால் உள்ள மருந்துகளுக்குக் கிருமிகள் பணிய மறுக்கும் காலத்தில், ஓரிரு துணைகளுடனாவது வளர்த்துப் பாராமல் எதையும் கைவிடலாகாது. அதுவரை கிளிசரால் கலந்து உறைபெட்டியில் வையுங்கள். ஒரு குழாய்க்கு விரற்கடை இடம் போதும்.