ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

ஹூஸ்டனில் இருக்கும் என் அத்தை பையன் போன மாதம் வீடு மாறினான். சாமான் ஏற்றுவதற்கு முந்தின ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பட்டியலைக் குடைந்துகொண்டிருந்தானாம். கரண்ட் கம்பெனிப் பட்டியல்! ஒருத்தன் ராத்திரி கரண்ட் இலவசம் என்கிறான். இன்னொருத்தன் சனி, ஞாயிறு இலவசம் என்கிறான். "நீ திருமயத்துல எந்தக் கம்பெனிடா?" என்று போனில் கேட்டான்.

என்னத்தைச் சொல்ல? பி.காம். முதல் வருஷம் மோனோபொலிக்கு உதாரணம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு மின்சார வாரியம் என்று எழுதி இரண்டு மார்க் வாங்கிய பரம்பரை நாம். 1957 ஜூலையில் பிறந்த வாரியம் அது. 2010-ல் கம்பெனிகளாகப் பிரிந்தது, 2024-ல் மறுபடி பிரிந்தது. நமக்கு கரண்ட் விற்கும் பகுதிக்கு இப்போது 'தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்' என்று பெயர். திருமயம் பஸ் ஸ்டாண்டில் நின்று இந்த முழுப் பெயரைச் சொல்லி வழி கேட்டுப் பாருங்கள். "யாரு, ஈ.பி. ஆபீஸா?" என்பார்கள்.

இத்தனைக்கும் இது சாதாரண ஊர் இல்லை. 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மின் நிலையங்களுக்குக் குழாய் செய்யும் பி.எச்.இ.எல். ஆலை. 2013 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தது. பவர் ஸ்டேஷனுக்கே பைப் கொடுக்கிற ஊர்க்காரனுக்கு, கரண்ட் வாங்க ஒரே கடைதான்.

சாய்ஸ் இருந்தால் மட்டும் சொர்க்கமா என்றால் அதுவும் இல்லை. டெக்சாஸில் 2002-லிருந்து இந்த வியாபாரம் நடக்கிறது. 2021 பிப்ரவரியில் அங்கே பனிப்புயல் அடித்தபோது மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போனது. 'மார்க்கெட் விலைக்கே தருகிறோம்' என்ற கம்பெனியிடம் வாங்கியவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில். அடுத்த மாதமே அந்தக் கம்பெனி திவால். (என் அத்தை பையன் அதில் இல்லை. அவன் அப்பவே உஷார் பார்ட்டி.)

நம் நாட்டில் மும்பையில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. 2009-லிருந்து பல பகுதிகளில் கம்பி ஒரு கம்பெனியுடையது, அதில் ஓடும் கரண்ட் இன்னொரு கம்பெனியுடையது என்று வாங்கிக்கொள்ளலாம். நாடு முழுக்க இப்படி ஒரே ஏரியாவில் பல கம்பெனி வர வழி செய்யும் மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. 2024-ல் அந்த மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது.

காஸில் சாய்ஸ் உண்டே என்பீர்கள். உண்டு. இண்டேன், பாரத், எச்.பி. மூன்றும் அரசாங்கக் கம்பெனி, ஒரே ஊரில் விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே சட்டி சாம்பாரை மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று கடை போட்டு விற்கிற மாதிரி. ஒரு காலத்தில் இந்தக் கனெக்‌ஷனுக்கே எம்.பி. கோட்டாவில் லெட்டர் வாங்க அலைந்தார்கள் நம் அப்பாக்கள். 2014 ஜனவரியிலிருந்து பல மாவட்டங்களில் ஏஜென்சியையும் கம்பெனியையும் மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. பேச்சிலர்களே, கம்பெனி பெயரைப் பார்த்து மயங்காமல், எந்த ஏஜென்சி சிலிண்டர் அந்தத் தெருவுக்கு ஒழுங்காக வருகிறது என்று எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். வந்ததும் எடை போடச் சொல்லுங்கள், உள்ளே 14.2 கிலோ இருக்க வேண்டும். காலி எடை சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும். கைப்பிடி வளையத்துக்குக் கீழே 'பி 28' என்கிற மாதிரி இருந்தால் 2028 ஏப்ரல் - ஜூனில் அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். ஏ முதல் டி வரை, மூன்று மூன்று மாதக் கணக்கு. தேதி தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குடியிருப்பவனுக்கு கரண்ட் விற்பது யார்? மின் கழகமா? இல்லை சார், ஹவுஸ் ஓனர்!

நான் பார்த்த முதல் வீட்டில் மூன்று போர்ஷன். வாசலில் ஈ.பி. மீட்டர் ஒன்றே ஒன்று. எங்களுக்கு சப்-மீட்டர்.

"யூனிட்டுக்குப் பத்து ரூபா தம்பி. எல்லா இடத்துலயும் இதான் ரேட்டு" என்றார் ஓனர்.

வீட்டுக்கு வந்து கல்யாணப் பத்திரிகை கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம் (2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது). இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் நூறு யூனிட் இலவசம். அது 2016-ல் வந்தது. 500 யூனிட் எரித்தால் 1,725 ரூபாய். 501 எரித்தால் 1,958! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். காரணம், ஐந்நூறைத் தாண்டியதும் 101-லிருந்து 200 வரைக்கான 2 ரூபாய் 25 காசு சலுகை பறிபோய், அதுவும் நாலரை ரூபாயாகிவிடும். கடைசி டியூப்லைட்டை அணைக்க மறந்தவன் தலையில் விடிகிற செலவு அது.

மூன்று போர்ஷனும் ஆளுக்கு 200 யூனிட் என்று வையுங்கள். தனித்தனி மீட்டராக இருந்தால் ஆளுக்கு 225, மொத்தம் 675 ரூபாய். அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 2,750 ரூபாய். அதே ஃபேன், அதே மிக்ஸி! இரண்டு குடித்தனக்காரர்களிடம் பத்து ரூபாய் வீதம் ஓனர் வசூலிப்பது 4,000. பில் கட்டியது போக, அவர் வீட்டு கரண்டும் இலவசம், கையில் 1,250 மிச்சம்.

மறுநாள் கவரைக் கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கணக்கெல்லாம் சரிதான் தம்பி. தண்ணி மோட்டார் யாரு கணக்கு? மாடிப்படி லைட்டு?"

நியாயமான கேள்விதான். அதற்கும் ஒரு பங்கு போட்டுக்கொள்ளலாம், யூனிட் ஐந்தரை ரூபாய் என்றேன். தனித்தனிக் குடித்தனம் என்று காட்டித் தனித்தனி மீட்டரே வாங்கிவிடலாம், எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

"மீட்டரைப் போட்டுக் கொடுத்துட்டு, நாளைக்கு நீங்க காலி பண்ண மாட்டேன்னுட்டா?"

கோபம் இல்லை, பயம்தான். மீட்டர் அவர் பெயரில் இருக்கும் வரை பயப்பட என்ன இருக்கிறது என்று அரைமணி நேரம் சொல்லிப் பார்த்தேன். காபி கொடுத்தார். ரேட்டைக் குறைக்கவில்லை.

கோட்டைப் பக்கம் இன்னொரு வீடு பார்த்தேன். ஒரு ஆச்சியின் வீடு. ரூம் சிறிசு, வாடகை முந்நூறு கூட, ஆனால் தனி மீட்டர். சர்வீஸ் நம்பரை வாங்கி, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாக்கி இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய பாக்கிக்குப் புதிதாக வீடு வாங்கியவரையே பொறுப்பாக்க விதிகள் இடம் தரலாம் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. வாடகைக்காரனுக்குக் கோர்ட் வரை போகவே வேண்டாம், ஃபியூஸைப் பிடுங்கினாலே போதும். ஆச்சி வீட்டில் பழைய குடித்தனக்காரர் ஒரு பில்லை மறந்துவிட்டுப் போயிருந்தார். ஆச்சி அன்றைக்கே மகனை அனுப்பிக் கட்டச் சொல்லிவிட்டார்.

சாமான் இறக்கிய அன்று ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரை செல்போனில் படம் எடுத்தேன். ஆச்சி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வர்றவுக எல்லாம் குழாயில தண்ணி வருதான்னு பாப்பாக. நீங்க என்ன தம்பி மீட்டருக்குப் பொட்டு வைக்கிறாப்புல ஏறி நிக்கிறீக?"