வானில் வருவதற்கு வாடகை எதற்கு?

மாதந்தோறும் கேபிள் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, எஞ்சிய ஓய்வூதியத்தை எண்ணிப் பார்க்கும் முதியோர் பலரை ஸ்காபரோத் தொடர்மாடிகளில் நாம் அறிவோம். அவர்களுள் அநேகர் பார்ப்பது மாலைச் செய்தியும் காலநிலை அறிக்கையும் பேரப்பிள்ளைகளின் சித்திரப் படங்களுமே. இவை யாவும் சி.என். கோபுரத்திலிருந்து காசின்றி ஒளிபரப்பாகின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை.

2011 ஓகஸ்ட் 31 ஆம் திகதி ரொறன்ரோவில் பழைய அனலொக் ஒளிபரப்பு நின்றது. அத்தோடு அன்ரெனாவின் காலமும் முடிந்தது என எம்மவர் எண்ணிவிட்டனர். உண்மை வேறு. சி.பி.சி (5.1), சி.ரி.வி (9.1), ரி.வி.ஓ (19.1), குளோபல் (41.1), ஓம்னி (47.1), சிற்றி (57.1) ஆகியன முன்னைவிடத் தெளிவாக வந்துகொண்டிருக்கின்றன. 'டிஜிற்றல் அன்ரெனா' எனத் தனியாக ஒரு பொருளும் இல்லை. உலோகத்துக்கு அலையைப் பிடிக்க மட்டுமே தெரியும். நிலவறையில் தூசு படிந்து கிடக்கும் பழைய அன்ரெனாவே போதும். '150 மைல்' எனப் பெட்டியில் அச்சிட்டு விற்பதை நம்பிப் பணத்தை இறைக்க வேண்டாம். கோபுரம் 553 மீற்றர் உயரமாயினும், ஏறத்தாழ நூறு கிலோமீற்றருக்கு அப்பால் பூமியின் வளைவு குறுக்கே நிற்கும்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் தூரதர்ஷன் பார்க்கவென நெடிய குழாயில் அன்ரெனாவைப் பூட்டி, கூரைமேல் ஒருவர் திருப்ப, உள்ளிருந்து மற்றவர் "வருகுது, வருகுது, போட்டுது" என்று கூவியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வித்தை இங்கு அப்படியே செல்லாது. அனலொக்கில் அலை குறையக் குறையப் புள்ளிகள் பெருகும். ஆயினும் படம் தெரியும். டிஜிற்றலில் ஓர் எல்லைவரை படம் பழுதின்றி இருக்கும். அதற்குக் கீழே இறங்கியதும் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்துவிடும். திருப்பிய பின் படம் வரச் சில விநாடிகள் எடுக்கும். ஆகவே சிறிது திருப்புக, பொறுத்திருக்க, பின்னர் மீண்டும் திருப்புக. பல தொலைக்காட்சிப் பெட்டிகளின் அமைப்புப் பட்டியலில் அலைவலிமை காட்டும் அளவியும் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது இடம். ஸ்காபரோவிலிருந்து கோபுரம் தென்மேற்கே உள்ளது. பஃபலோ நகர ஒளிபரப்புகள் ஏரியைக் கடந்து தெற்கிலிருந்து வருகின்றன. தெற்கு அல்லது மேற்கு நோக்கிய யன்னல் உடையோர் பாக்கியசாலிகள். வடக்கு நோக்கிய வீட்டுக்குக் கட்டடமே தடையாகும். எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையைத்தான் தேட வேண்டியிருக்கும். அன்ரெனாவைத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் ஒளித்து வைப்பதே பலரது வழக்கம். அதை நீண்ட கம்பியால் இணைத்து யன்னலருகே உயர்த்தினால் பாதிக் குறை தீரும். வெப்பம் காக்க உலோகப் பூச்சிட்ட கண்ணாடியும் பல்கணியின் இரும்புக் கிராதியும் அலையை மறிப்பன. ஓரடி நகர்த்தினாலே நிலைமை மாறக்கூடும்.

ஏனையவை வந்தும் 9.1 மட்டும் வராதுள்ள வீடுகள் பல. காரணம் எளிது. பெரும்பாலானவை யூ.எச்.எவ். வரிசையில் வர, சி.ரி.வி. மட்டும் இன்னும் வி.எச்.எவ். வரிசையில் உள்ளது. அதன் அலை நீளமானது. சுவரில் ஒட்டும் தட்டை அன்ரெனாவுக்கு அது எளிதில் அகப்படாது. முயற்காது போன்ற இரு கோல்களை, ஒவ்வொன்றும் நாற்பது சென்ரிமீற்றர் அளவுக்கு நீட்டிக் கிடையாக வைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

அலைபெருக்கியை வாங்குவது கடைசி முயற்சியாகவே இருக்கட்டும். இல்லாத அலையை அது உண்டாக்காது. கோபுரத்துக்கு அண்மையில் வசிப்போருக்கு, ஏற்கெனவே வலிய அலையை மேலும் பெருக்கி, வந்த படத்தையும் கெடுத்துவிடும். தேவையெனின் அதனைத் தொலைக்காட்சிப் பெட்டியருகே அல்லாமல் அன்ரெனாவை அடுத்தே பொருத்துதல் வேண்டும்.

ஒன்றை மறைக்காது சொல்லவேண்டும். எமது தமிழ் அலைவரிசைகள் இவ்வழியில் வாரா. அவற்றுக்காகவே கேபிளை வைத்திருப்போர் அதனைத் துண்டிக்கும் முன் வீட்டிலுள்ள பெரியோரைக் கேட்டுக்கொள்க. ஏனையோர் முதலில் ஒரு வாரம் அன்ரெனாவைப் பொருத்திப் பார்க்கட்டும். குழாய்த்திரை உள்ள பழைய பெட்டியாயின் மாற்றிக் கருவி ஒன்றும் தேவைப்படும். அன்ரெனாவை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் பெட்டியில் அலைவரிசைகளைப் புதிதாகத் தேடச் செய்க.