உஷ்ண மண்டலத்துப் பனிமலைகள்

சென்ற பருவத்திலே எம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார் நிகழ்த்திய சொற்போரொன்றில், உலகம் வெப்பமடைந்து வருவதை நிலைநாட்ட எழுந்த மாணவரொருவர் ஆப்பிரிக்காவின் கிலிமஞ்சாரோ மலைமுடியைச் சான்றாகக் காட்டினார். "அம்முடியிலுள்ள பனி உருகி மறைகின்றது; இனி வேறு சான்றும் வேண்டுமோ?" என்று அவர் வினவியபோது அவையோர் கைகொட்டி ஆரவாரித்தனர். யாமும் கைகொட்டினோம். பின்னர் நூலகத்திற் புகுந்து சில நூல்களைப் புரட்டியபோது, அக்கைகொட்டலைத் திரும்பப் பெறலாகாதாவென்று தோன்றிற்று. அவர் கொண்ட முடிபு பிழையன்று. தேர்ந்த சான்றே பொருத்தமற்றது. மெய்யான வழக்கிற்கு ஐயத்திற்கிடமான சாட்சியைக் கூண்டிலேற்றுதல் எதிரிக்கு உதவிசெய்வதாகுமன்றோ?

பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை தெற்கே, 19,340 அடி உயர்ந்து நிற்பது கிலிமஞ்சாரோ. 1848-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனைக் கண்ட ஜோஹானஸ் ரெப்மன் என்னும் ஜெர்மானிய மிஷனரி, அதன் முடியிலே பனி உண்டென்று எழுதினார். லண்டனில் நாற்காலியைவிட்டு எழாத வில்லியம் கூலி என்னும் பூகோள வல்லுநரோ அதனை எள்ளி மறுத்தார். 1861-இல் பாரன் வான் டெர் டெக்கன் நேரிற் சென்று கண்டு கூறிய பின்னரும் கூலி மனந்திருந்தினாரில்லை. கண்ணாற் கண்டவன் சொல்லினும் தாம் வகுத்த கொள்கையே பெரிதெனக் கொண்டார். கற்றாரிடத்தும் இந்நோய் உண்டென்பதை மாணவர் மறவாதிருப்பாராக.

அப்பனிப்பரப்பில் 1912-ஆம் ஆண்டில் இருந்ததில் 100-க்கு 85 பங்கு 2007-ஆம் ஆண்டிற்குள் அழிந்தொழிந்தது. இஃது உண்மை. ஆயினும் அது 'உருகி' அழிந்ததென்பதே ஆராயத்தக்கது. உச்சியிலே காற்று பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேயே இருக்கின்றது. அங்குள்ள பனிச்சுவர்கள் நேர்வெயில் பட்டு, நீராகாமலே கற்பூரம்போல ஆவியாய்த் தேய்கின்றன. தேய்ந்ததை ஈடுசெய்யப் போதிய பனியும் பெய்வதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்காப்பிரிக்கக் காற்று வறண்டதே தலைமையான காரணமென்று கியோர்க் காசர், தாமஸ் மோல்க் முதலிய ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். வெப்பத்திற்கு அங்கே பங்கே இல்லையென்பது இதன் பொருளன்று. வழக்கு இன்னும் முற்றவில்லை என்பதே பொருள்.

ஐயமற்ற சாட்சி வேண்டுவோர் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடருக்குச் செல்லல் வேண்டும். உலகிலுள்ள உஷ்ண மண்டலப் பனியாறுகளில் ஏறத்தாழ 100-க்கு 70 பங்கு பேரு நாட்டிலேயே உள்ளன. குளிர்நாட்டுப் பனியாற்றுக்குக் கோடையில் உருகினாலும் மாரியில் ஓய்வுண்டு. இவற்றிற்கோ அவ்வோய்வு இல்லை. பகலுக்கும் இரவுக்குமுள்ள வேறுபாட்டினும் பருவங்களுக்கிடையேயுள்ள வேறுபாடு அங்கே சிறிது. ஆகவே அடிவாரப் பகுதி ஆண்டு முழுதும் உருகிக்கொண்டேயிருக்கும். காற்றின் வெப்பம் சிறிது ஏறினும், பனியாய் வீழவேண்டியது மழையாய் வீழ்கின்றது. புதுப்பனி வெயிலைத் திருப்பியெறியும். பழைய அழுக்குப் பனியோ அதனை உட்கொள்ளும். இவ்வாறு ஒரு கேடு மற்றொன்றை ஈனுகின்றது. பொலிவியாவிலே 17,000 அடிக்குமேல் இருந்த சகல்தாயா என்னும் பனியாறு 2009-இல் அடியோடு மறைந்தது. பேரு நாட்டுக் கெல்காயாப் பனிப்பரப்பின் ஓரத்தில், பனி பின்வாங்கியவிடத்தில், 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட செடிகள் வேரூன்றிய நிலையிலேயே வெளிப்பட்டன. அவற்றைக் கண்டெடுத்தவர் லானி தாம்ஸன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். அத்துணைக் காலமும் அவற்றைப் போர்த்திருந்த பனி நம் காலத்திலே விலகிற்று. இதனினும் தெளிவான சான்றை யாம் அறியோம்.

பனி குறைந்தால் மலைக்காட்சியின் அழகு குன்றும், அவ்வளவுதானே என்பாருமுளர். லா பாஸ் நகரத்தார் அவ்வாறு கூறார். வறண்ட மாதங்களில் அவர்தம் குடிநீரில் ஏறக்குறையக் காற்பங்கு பனியாறுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் நீர்த்தேக்கங்கள் வற்றி, மக்கள் குடங்களுடன் லாரிகளுக்குக் காத்து நின்றனர். மழை பொய்த்ததே அப்போதைய காரணம்; எனினும் மழை பொய்த்தபோது கைகொடுக்க மலைமேலிருந்த சேமிப்பு முன்போல் இல்லை. பனி விரைந்து உருகுங்காலத்தில் ஆற்றில் நீர் பெருகும்; உழவன் மகிழ்வான். அது விதைநெல்லைக் குற்றியுண்பான் மகிழ்ச்சியேயாம். பேரு நாட்டுச் சாந்தா ஆற்றைச் சேர்ந்த கிளையாறுகள் பல அப்பெருக்கக் காலத்தைக் கடந்து, வறண்ட மாதங்களில் இளைத்துவருகின்றன.

அதே சாந்தாப் பள்ளத்தாக்கிலுள்ள உவாராஸ் நகரத்திற்கு நேர்ந்தது வேறுவகைக் கேடு. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், மேலேயுள்ள பால்ககோச்சா ஏரி கரையுடைத்துப் பாய்ந்து 1,800 பேருக்குக் குறையாமல் கொன்றது. பனி பின்வாங்கப் பின்வாங்க அவ்வேரி மீண்டும் பெருத்துள்ளது. 2015-ஆம் ஆண்டில் அவ்வூர் உழவரொருவர், நிலக்கரியெரித்துக் கரியமிலவாயுவைப் பெருக்கிய ஜெர்மானிய மின்சாரக் கம்பெனியொன்றின்மேல் வழக்குத் தொடுத்தார். 2025 மே மாதத்தில் ஹாம் நகர நீதிமன்றம், அவர் வீட்டிற்கு அண்மையில் நேரக்கூடிய அபாயம் போதியதன்று எனக் கூறி வழக்கைத் தள்ளிற்று; ஆனால் கரியமிலவாயுவை மிகுதியாக வெளியிடுவோர் தொலைவிலுள்ளாருக்கு நேரும் தீங்கிற்கும் பொறுப்பாளராகக் கூடும் என்ற கொள்கையை ஏற்றது. தீர்ப்பின் முற்பகுதியினும் இப்பிற்பகுதியே நெடுநாள் பேசப்படுமென்பது எம் கருத்து. சொற்போரில் வென்ற எம் மாணவர் மறுமுறை மேடையேறுங்கால் கிலிமஞ்சாரோவை விடுத்து இவ்வழக்கை எடுத்தாள்வாராக. உவாராஸ் மக்கள் இதற்கிடையே ஏரியில் நீளக் குழாய்களை இட்டு நீரை இறைத்துக் கழிக்கின்றனர். கரையிலே காவலர் இரவும் பகலும் விழித்திருந்து நீர்மட்டத்தைப் பார்த்து நகருக்கு அறிவிக்கின்றனர்.