பழைய சட்டகமும் புதிய பல்சக்கரமும்

காலம் மாறும்போது பழையவற்றுள் சில நீங்குவதும் புதியவற்றுள் சில வந்து சேர்வதும் குற்றமாகா என்று நன்னூலில் ஒப்புதல் தருகிறார் பவணந்தி முனிவர். ஆண்டுதோறும் வகுப்பறையில் இந்நூற்பாவைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர் ஒருவரேனும் எழுந்து, ‘எதைக் கழிப்பது, எதைக் காப்பது என்று யார் முடிவு செய்வது, ஐயா?’ என்று வினவுவார். ஏற்ற விடையை நான் கண்டது நூலகத்தில் அன்று. ஒரு மிதிவண்டிப் பழுதுபார்க்கும் கடையின் வாயிலில்தான் கண்டேன்.

தோல் வணிகத்தின் பொருட்டு இங்கிலாந்து சென்று வந்த என் தாய்மாமன், 1984 ஆம் ஆண்டு அங்கிருந்து ஒரு பந்தய மிதிவண்டியைக் கொண்டு வந்தார். அதன் எஃகுச் சட்டகத்தில், பர்மிங்காம் நகரில் 1935 இல் அறிமுகமான ‘ரெனால்ட்ஸ் 531’ குழாயின் முத்திரை இன்றும் மங்காமல் இருக்கிறது. மாமா இறையடி சேர்ந்தபின் அவ்வண்டி திண்ணையின் மூலையில் தூசு படிந்து கிடந்தது. “எடுத்துக்கொண்டு போங்கள், தம்பி. பழைய இரும்புக்கடைக்குப் போவதைவிட உங்களிடம் இருக்கட்டும்” என்றார் மாமி.

சட்டகத்தில் விரிசல் இல்லை; துரு மேற்பூச்சோடு நின்றிருந்தது. ஆனால் இயக்கத் தொகுதி, அதாவது செயினும் பல்சக்கரங்களும் கியர்மாற்றியும், தேய்ந்து போயிருந்தன. முன்னே 52, 42 பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்கள். பின்னே 14 முதல் 24 பற்கள் வரையிலான ஆறு சக்கரங்கள். இளங்காளையர் சமவெளியில் பறப்பதற்கு இது போதும். ஏலகிரி ஏறுவதற்குப் போதாது. அம்மலைப் பாதையின் 14 கொண்டையூசி வளைவுகளும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைத் தாங்கி நிற்பதை நம் மாணவர் அறிவர். தேரை ஈந்த பாரியின் பெயர் கொண்ட வளைவில் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிச் செல்வது தமிழாசிரியனுக்கு அழகாகுமா?

இங்கே கணக்கு ஒன்று உண்டு. முன்பல் எண்ணிக்கையைப் பின்பல் எண்ணிக்கையால் வகுத்துச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடலை ஒருமுறை சுற்றும்போது வண்டி செல்லும் தொலைவு கிடைக்கும். பின்சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 42 பல்லும் 24 பல்லும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.7 மீட்டர் செல்லலாம். நாற்பதைக் கடந்த முழங்கால் அதை மலைமீது தாங்காது. முன்னே 34, பின்னே 32 என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் மட்டுமே. சுமை ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு குறைகிறது. ஆகவே முன்னே 50, 34 பற்களும் பின்னே 11 முதல் 32 பற்கள் வரையிலான ஒன்பது சக்கரங்களும் கொண்ட புதிய தொகுதியைப் பொருத்துவதென முடிவு செய்தேன்.

எழுபதைக் கடந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். ஊரார் அவரை ‘உஸ்தாத்’ என்றே அழைப்பர். புதிய சக்கரத்தின் ஹப் 130 மில்லிமீட்டர் அகலம். பழைய சட்டகத்தின் பின்பிளவோ 126 மில்லிமீட்டர். எஃகு வளைந்து கொடுக்கும் தன்மையது. நீண்ட திருகுக் கம்பியையும் இரண்டு நட்டுகளையும் கொண்டு பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் வீதம் பைய விரித்தார் உஸ்தாத். பிறகு ஒரு நூலைத் தலைக்குழாயில் சுற்றி இரு பின்முனைகளுக்கும் இழுத்துக் கட்டி, நடுக்குழாயிலிருந்து இருபுற இடைவெளியும் ஒத்திருக்கின்றனவா என்று அளந்து பார்த்தார். “இது இரும்பு என்பதால் செய்கிறேன், சார். அலுமினியமாக இருந்தால் கைவைக்க மாட்டேன்” என்றார். பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணத்தை மட்டும் வழக்கத்துக்கு மாறாக வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அறியாதவர் கைக்குப் போயிருந்தால் சட்டகத்தின் மரையே பாழாகியிருக்கும்.

இவ்வளவும் மாறியபின் மாறாதது என்ன? செயினின் கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே உள்ள அரை அங்குலம். ஹான்ஸ் ரெனால்டு 1880 இல் உருளைச் செயினுக்கு உரிமம் பெற்றார். நம் பால்காரர் மிதித்த கறுப்பு வண்டியின் செயினுக்கும், இன்றைய பந்தய வண்டியின் செயினுக்கும் கண்ணியின் அளவு அதே அரை அங்குலந்தான். அகலம் மட்டுமே குறைந்தது. ஒற்றைச் சக்கர வண்டியின் செயினில் உள்ளகலம் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர், ஒன்பது சக்கரத் தொகுதியில் 2.2 மில்லிமீட்டர். யாப்பு நிலைத்திருக்கச் சொற்கள் புதுமையடைவது போன்றது இது.

என் பிழை ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். கியர்மாற்றும் கைப்பிடியைப் பிறிதொரு நகரக் கடையில் வாங்கினேன். “எல்லாம் ஒன்றுதான்” என்று கடைக்காரர் கூறியதை நம்பிவிட்டேன். அது பத்துச் சக்கரத் தொகுதிக்கு உரியது. ஒவ்வொரு சொடுக்குக்கும் அது இழுக்கும் கம்பியின் அளவு வேறு. செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே தடுமாறியது. தளை தட்டிய வெண்பாவைப் போல வண்டி தெருவெங்கும் ஓசையிட்டது. உஸ்தாத் சிரித்துவிட்டு, சட்டகத்திலிருந்த பழைய உராய்வுக் கைப்பிடியையே மீண்டும் பூட்டினார். சொடுக்கு இல்லாத அதனைக் காதால் கேட்டுக் கையால் இழுத்து நிறுத்த வேண்டும். எத்தனை சக்கரமாயினும் ஏற்றுக்கொள்ளும். கழித்துவிட எண்ணிய பழையதே கைகொடுத்தது. ‘எதைக் காப்பது?’ என்னும் வினாவுக்கு அன்றுதான் விடை புரிந்தது. தேய்ந்ததை மாற்றுக, தேயாததைப் பழையது என்னும் ஒரே காரணத்தால் எறியற்க.

‘ஐயா, இதற்கு ஆன செலவில் புது வண்டியே வாங்கலாமே!’ என்பார் உண்டு. சில வண்டிகளுக்கு அது உண்மையே. சட்டகத்தில் விரிசலோ உள்துருவோ இருப்பின் ஒரு ரூபாயும் செலவிடலாகாது. நம் வீடுகளில் நிற்கும் கனத்த கறுப்பு வண்டிக்கு ஒன்பது சக்கரமும் வேண்டுவதில்லை. புதிய செயினும், 18 பல்லுக்கு மாற்றாக 20 அல்லது 22 பல் கொண்ட ஃப்ரீவீலும் பூட்டினாலே ஏற்றம் எளிதாகும். தேவை அறிந்து செய்வதே மேம்பாடு.

இதை நான் ஆர்வலனின் பொழுதுபோக்காக மட்டும் கூறவில்லை. என் வகுப்பில் பின்வரிசை மாணவர் ஒருவர் நாள்தோறும் முதல் பாடவேளையிலேயே உறங்கிவிடுவார். தனியே அழைத்து வினவினேன். மோட்டார் சைக்கிளின் மாதத் தவணையைக் கட்டுவதற்காகக் காலணித் தொழிலகம் ஒன்றில் இரவுப் பணி செய்வதாகக் கூறினார். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே 7 கிலோமீட்டர். “வீட்டில் சைக்கிள் இல்லையா?” என்றேன். “அத்தாவுடையது இருக்கிறது, சார். செயின் கழன்று கழன்று விழுகிறது” என்றார். சில நூறு ரூபாயில் தீர வேண்டிய குறை, ஓர் இளைஞனின் இரவுகளை விலையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் வண்டியை நான் பழிக்கவில்லை. தொலைவிலிருந்து வருவோர்க்கு அது இன்றியமையாதது. ஆனால் கழன்ற செயினுக்கு மாற்று மூன்றாண்டுக் கடன் அன்று.

செயினின் தேய்மானத்தை அறிய அடிக்கோல் ஒன்றே போதும். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலத்தைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் பல்சக்கரமும் கெட்டிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மலிவான உறுப்பை உரிய நாளில் மாற்றத் தவறினால், அது விலையுயர்ந்த உறுப்பைத் தின்றுவிடுகிறது.

இவ்வுண்மையை நம் தோல் வட்டாரம் நன்கறியும். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலை அரைப்பக்குவத்தில் கப்பலேற்றிய முன்னோர், 1970களில் ஏற்றுமதிக் கொள்கை மாறியபோது முழுமைபெற்ற தோலுக்கும் காலணிக்கும் தொழிலை மாற்றிக்கொண்டனர். கைத்திறன் என்னும் சட்டகம் நிலைத்தது, இயக்கம் புதிதாயிற்று. ஆனால் கழிவுநீரைத் தூய்மை செய்யும் உறுப்பைப் பூட்ட நாம் காலம் தாழ்த்தினோம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று. அத்தாமதத்துக்கு விலை கொடுத்தது பாலாறு.

ஆகவே, கல்விப் பணியில் முன்னிற்கும் பெரியோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி மிதிவண்டி நிறுத்தத்தின் ஒரு மூலையில் சில திருப்புளிகள், செயின் கழற்றும் கருவி ஒன்று, காற்றடிக்கும் பம்பு ஒன்று ஆகியவற்றை வைத்து, வாரத்தில் ஒரு மாலைக்கு ஊர் மெக்கானிக் ஒருவரை மதிப்பூதியத்துடன் அழைப்போம். பட்டம் பெறாத அப்பேராசிரியர்கள் அறிந்தவை அவர்களோடு மறைந்துவிடலாகாது. மாணவச் செல்வங்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் திண்ணையில் சாய்ந்து கிடக்கும் அத்தாவின் வண்டியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடிக்கோலை எடுத்து அதன் செயினை அளந்து பாருங்கள்.

ஏலகிரி ஏறினேனா என்று கேட்பீர்கள். ஏறினேன். பாரி வளைவில் இறங்கவில்லை. மூச்சு வாங்கவே ஓரிடத்தில் நின்றேன்; அது எந்த வள்ளலின் வளைவு என்பதை மட்டும் கூற மாட்டேன்.